உயிரோடிருந்தவருக்கு மூன்று வேட்டு

யின்லியனுக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே யார் மேலாவது எரிந்து விழவேண்டும் போலிருந்தது. ஒன்பது விருந்தாளிகளை மிதிவண்டியில் மலையேற்றிக் கூட்டிக்கொண்டு போகிறவளுக்கு அதற்கும் வழியில்லை. முகத்தைச் சிரித்த மாதிரியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கொழுந்தன் காங் முந்தின நாளே நாலு தரம் சொல்லியிருந்தான்.

விருந்தாளிகளில் ஏழு பேர் ஷாங்காய்க்காரர்கள். இரண்டு பேர் ஹாலந்திலிருந்து வந்த கணவன் மனைவி. பின்பக்கம் மெத்தை வைத்துத் தைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் மலைக்கிராமங்களில் வண்டி மிதிப்பதும், போகிற ஊரிலெல்லாம் அந்த ஊர்ச் சாப்பாட்டை ருசி பார்ப்பதும்தான் அவர்களுக்கு விடுமுறை. "காசு குடுத்து மூச்சு வாங்குறாங்கடி" என்று அவள் ஊரான ஷாங்பாவில் பெண்கள் சிரித்தார்கள். யின்லியனுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் ஷாங்காய்க்காரி ஒருத்தி படத்துக்காக வரப்பு மேல் வண்டியை ஓட்டி, வரப்பை உடைத்து, மேல் வயல் தண்ணீரைக் கீழ் வயலுக்குத் திறந்துவிட்டிருந்தாள். யின்லியன் இறங்கி, கையாலேயே சேற்றை அள்ளி அடைத்தாள். அதையும் படம் எடுத்தார்கள்.

கணவாய் உச்சியில் எல்லாரும் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். யின்லியன் ஒட்டரிசிச் சோற்றை உருண்டை பிடித்து ஆளுக்கொன்று கொடுத்தாள்.

"அக்கா, மத்தியானம் என்ன சாப்பாடு?" என்று வரப்பை உடைத்தவள் கேட்டாள்.

"சோறுதான்."

"இல்லக்கா, ஏதோ விசேஷம்னு உங்க தம்பி சொன்னாரே?"

விசேஷம் என்ன என்று யின்லியனுக்கே தெரியாது. "வந்து பாருங்க அண்ணி" என்று மட்டும் காங் சொல்லியிருந்தான். கீயாங் நகரத்திலிருந்து சுற்றுலாக் கம்பெனி மேனேஜர் ஃபாங் அம்மாள் காலையிலேயே காரில் வந்து இறங்குவதாக ஏற்பாடு. சமையலை அந்த அம்மாளே படம் பிடிப்பாள். பிடித்துப்போனால் ஷாங்பா ஊரை அந்தக் கம்பெனியின் பயணப் பட்டியலில் சேர்ப்பார்கள், காங் அதற்கு ஆளாக இங்கேயே இருந்துவிடலாம். டோங்குவானில் அவன் வேலை பார்த்த பொம்மைத் தொழிற்சாலையை இழுத்து மூடியதிலிருந்து அவனுக்கு இதே பேச்சுதான். அதனால்தான் சமையல் செய்கிறவளை மலைக்கு அனுப்பிவிட்டு, உலை வைக்கத் தெரியாதவன் அடுப்படியில் நின்றான்.

அப்போதுதான் கீழே பள்ளத்தாக்கிலிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது. யின்லியன் கையிலிருந்த சோற்றை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். மூன்றாவதும் வந்தது.

"ஆஹா, திருவிழாவா?" என்று யாரோ கைதட்டினார்கள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் கல்யாணத்துக்குப் பட்டாசுச் சரம், புதுவீட்டுக்குப் பட்டாசுச் சரம். இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து மூன்று வேட்டுப் போட்டால் ஒரு வீட்டில் உயிர் போயிருக்கிறது. ஷாங்பாவில் அன்றைய தேதிக்கு எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த சாவு ஒன்றே ஒன்றுதான். யின்லியனின் மாமனாருக்கு எண்பத்தொன்று. கோடையில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மாவட்ட ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதச் சாப்பிடக் குடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவள் விருந்தாளிகளுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியில் ஏறி இறக்கத்தில் விட்டாள். பந்தயம் என்று நினைத்துக்கொண்டு ஒன்பது பேரும் ஓவென்று கத்தியபடி பின்னாலேயே வந்தார்கள்.

காலையில் அவரிடம் கடைசியாக என்ன பேசினாள்? அரிசிப்பொரி போட்ட எண்ணெய்த் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டார் என்று கத்தியிருந்தாள். "குடிச்சாக் குடிங்க, இல்லாட்டிக் கொட்டிடுங்க, எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு." நினைக்க நினைக்க அவளுக்குத் தன் வாயைத் தைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தன்னைத் திட்டினாள், தன்னை மலைக்கு அனுப்பிய காங்கைத் திட்டினாள், கியர் விழாத வண்டியைத் திட்டினாள். கண்ணீர் காற்றில் காதுப் பக்கம் ஓடியது.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. மீன் இருக்கிறது.

ஷாங்பாவில் சாவு விழுந்த வீட்டில் அடக்கம் முடியும்வரை கறி தொடமாட்டார்கள். மீன் மட்டும்தான், அதுவும் மரத்தொட்டியில் புளிக்கவைத்த பழைய மீன். அதை முதலில் செத்தவர் தலைமாட்டில் வைப்பார்கள். பிறகு துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஊரே கண்ணை மூடி யோசிக்கும். ஐந்து வருஷ மீனா, எட்டு வருஷ மீனா, முள் கரைந்திருக்கிறதா, மருமகள் கை எப்படி என்று அங்கேயே தீர்ப்பு வந்துவிடும். மூன்று வருஷத்துக்குக் குறைந்த மீனைத் தலைமாட்டில் வைக்கவே கூடாது. மீனில்லாமல் போன கிழவர் ஒருவரைப் பற்றி அவர் பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணமான பிறகும் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

யின்லியன் வைத்திருந்தது பத்தொன்பது வருஷ மீன். கல்யாணமாகி வந்த முதல் இலையுதிர் காலத்தில், வயலில் வளர்ந்த கெண்டையாகப் பொறுக்கி எடுத்து, முதுகைக் கீறி, உப்பில் ஊறவைத்து, ஒட்டரிசியும் மிளகாயும் இஞ்சியும் திணித்துத் தன் கையால் அடுக்கியது. மேலே பலகை, பலகைக்கு மேல் ஆற்றுக் கல், கல் மூழ்கத் தண்ணீர். அந்தத் தண்ணீர் வற்றக்கூடாது. வற்றினால் காற்று புகும், காற்று புகுந்தால் அத்தனையும் நாசம். வாராவாரம் தண்ணீர் பார்த்தாள். ஃபோஷானில் கட்டட வேலை பார்க்கும் கணவன் மிங் "நீயும் இங்க வந்துடு" என்று கூப்பிட்டபோது, கிழவரையும் தொட்டியையும் யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று தங்கிவிட்டாள். தங்கச்சி கல்யாணத்துக்குப் போன இடத்தில்கூட மூன்றாம் நாளே திரும்பி ஓடிவந்தாள். வயதில் பாதி அந்தத் தொட்டியின் பக்கத்திலேயே போயிருந்தது.

ஊர்ப் பாலத்தில் வண்டி ஏறும்போதே வாசனை வந்துவிட்டது. புளிப்பும் புகையும் கலந்து, பழைய மீனைக் கரியில் வாட்டுகிற வாசனை. யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது, அது தன்னுடைய மீன். அழுகைக்கு நடுவிலேயே ஒரு கோபம் குத்தியது. தொட்டியை வைத்தவள் நான் உயிரோடு இருக்கும்போது எவன் திறந்தான்? ஒரு மணி நேரம் பொறுக்கமுடியாதா?

சந்தில் துக்கத்துக்கு வெள்ளைத் துணி கட்டிய தலைகள். பக்கத்து வீட்டு நெய்ஷான் சாவு வீட்டுக்குக் கொடுக்க மடியில் ஒரு படி அரிசியோடு நின்றிருந்தாள். யின்லியனைப் பார்த்ததும் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருவரும் அழவில்லை. வேட்டுப் போடுகிற யாங் கிழவன் இரும்புக் குழாயை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றான்.

யின்லியன் வண்டியைப் போட்டுவிட்டு முற்றத்துக்குள் ஓடினாள்.

நடு முற்றத்தில் மேசை. மேசைக்கு முன்னால் ஃபாங் மேனேஜர், கையில் கைப்பேசி. பக்கத்தில் கம்பெனி பெயர் எழுதிய வெள்ளைச் சட்டையில் காங். இரண்டு பேருக்கும் நடுவில், பஞ்சுக்கோட்டைப் போர்த்திக்கொண்டு மூங்கில் நாற்காலியில் மாமனார் உட்கார்ந்து, தன் சாவுக்கு வைத்த மீனைக் குச்சியால் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியாம்மா" என்றார்.

யின்லியன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதி நெஞ்சில் வந்து உட்காருவதற்குள் கோபம் அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது.

"யாரு திறந்தது?"

"அண்ணி, முதல்ல உட்காருங்க, மூச்சு வாங்குது பாருங்க…"

"யாருடா திறந்தது?"

"நான்தான் அண்ணி. ஆறே ஆறு மீனுதான். மிச்சம் அப்படியேதான் இருக்கு. பலகையப் போட்டு, கல்ல வச்சு, தண்ணியும் ஊத்திட்டேன்."

யின்லியன் உள்ளே போய்ப் பார்த்தாள். சொன்னது போலவே பலகையைப் போட்டிருந்தான், கோணலாக. பதினேழு வயதில் ஊரைவிட்டுப் போனவனுக்கு, திறந்த தொட்டி திறந்ததுதான் என்பது தெரியவில்லை. ஒருதரம் காற்றுப் பட்ட மீன் பத்து நாள் தாங்கும். அதற்குள் தின்று தீர்க்க வேண்டும். அதனால்தான் சாவு வீட்டில் மட்டும் திறக்கிறார்கள், ஊரே வந்து ஒரே நாளில் தீர்த்துவிடும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவன்கூடத் தேங்காயை உடைக்கத் தெரிந்தவனாக இருப்பான். இவனுக்கு அதுவும் தெரியவில்லை.

வெளியே வந்தபோது ஷாங்காய்க்காரர்கள் வியர்த்து வழிய மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஃபாங் மேனேஜர் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "பத்தொன்பது வருஷம்! யோசிச்சுப் பாருங்க. இத எந்த ஓட்டல்லயும் வாங்க முடியாது." வரப்பை உடைத்தவள் ஒரு துண்டை வாயில் வைத்தாள். முகம் சுருங்கியது. நாசூக்காகக் காகிதக் கைக்குட்டையை எடுத்து அதில் துப்பி, மடித்து, மேசைக்கு அடியில் வைத்தாள்.

யின்லியன் அதைப் பார்த்துவிட்டாள்.

விருந்தாளி முன்னால் குரலை உயர்த்துகிற வீடு அந்த ஊரில் கிடையாது. குடும்பத்துக்குள் வெட்டுக்குத்து என்றாலும், விருந்தாளி பாலம் தாண்டின பிறகுதான் வாயைத் திறப்பார்கள். யின்லியனும் முப்பத்தெட்டு வருஷம் அப்படித்தான் இருந்தாள். அன்று நேராக மேசைக்குப் போய் மீன் தட்டைத் தூக்கினாள். ஹாலந்துக்காரர் வாய்க்குக் கொண்டுபோன குச்சியை நடுவழியில் நிறுத்தினார்.

"நீங்க சாப்பிடுங்க. நீங்க துப்பல" என்று அவரிடம் மட்டும் ஒரு துண்டை வைத்துவிட்டுத் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"அண்ணி! மேனேஜரம்மா இருக்காங்க…"

"இருக்கட்டும். அவங்களும் கேக்கட்டும். அந்த மீன் யாருக்குன்னு வச்சதுடா?"

"அப்பாவுக்குத்தான்."

"உங்கப்பா செத்துட்டாரா?"

முற்றத்து வாசலில் நின்ற கூட்டத்தில் யாரோ இருமினார்கள். காங் வாசல் பக்கம் கையை நீட்டினான். "அது அந்த யாங் பெரியப்பா பண்ண வேலை. நானா வேட்டுப் போடச் சொன்னேன்?"

யாங் கிழவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாசனை வந்துச்சு, போட்டேன். பழைய தொட்டியத் திறந்தா வேற என்னடா அர்த்தம்? நாப்பது வருஷமா இந்தக் குழாய வச்சிருக்கேன், ஒருதரம்கூடத் தப்பாப் போட்டதில்ல."

"உள்ள வந்து பாத்துட்டுப் போடவேண்டியதுதானே?"

"சாவு வீட்டுக்குள்ள வேட்டுக்கு முன்னாடி எவனாவது காலெடுத்து வைப்பானா? டோங்குவான்ல போய் உங்கப்பன் பேர மட்டும்தான் மறக்காம வந்தியா?"

"மூணு வேட்டும் எனக்குத்தானா?" என்று மாமனார் கேட்டார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது போலத் தெரிந்தது. "சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு."

யின்லியன் கைப்பேசியை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். தன் பக்கம் பேச இந்தக் குடும்பத்தில் ஒரு ஆளாவது வேண்டும் என்று நினைத்தாள். மிங் எடுத்ததும், பின்னால் சிமெண்டுக் கலவை இயந்திரம் உறுமுவது கேட்டது.

"உங்க தம்பி சாவு மீன எடுத்து ஊரான் புள்ளைங்களுக்கு வாட்டிப் போட்டுட்டான். கேட்டீங்களா?"

கலவை இயந்திரம் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது. பிறகு மிங் மெதுவாகச் சொன்னான். "அப்பாதான் எடுத்துக்கோன்னு சொன்னாரு, யின்லியன். அவரோட மீன்தானே. விடு. முந்தாநாளு பேசினோம்."

"யாரு பேசினீங்க?"

"நான், காங், அப்பா. போன்லதான். உன்கிட்ட சொன்னா நீ சத்தம் போடுவேன்னு…"

அவள் தொடர்பைத் துண்டித்தாள். மூன்று ஆண்கள். ஒருத்தன் ஃபோஷானில், ஒருத்தன் பதினேழு வருஷம் டோங்குவானில், ஒருத்தர் நாற்காலியில். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றினவளை மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாமனாருக்கு முன்னால் போய் நின்றாள். அவரிடம் அவள் கத்துவாள்தான், தேநீருக்கும் மருந்துக்கும் தினமும் கத்துவாள். ஆனால் இதுவரை நேருக்கு நேர் நின்று ஒரு கேள்வி கேட்டதில்லை.

"நீங்களா மாமா சொன்னீங்க?"

அவர் குச்சியைக் கீழே வைத்தார். "இந்தப் பய இங்க தங்கணும்னா மேனேஜரம்மா மனசு குளுரணும்னு சொன்னான். ஊருக்கு ஊரு புளிச்ச மீன் இருக்கு, நம்மகிட்ட மட்டும்தான் பத்தொன்பது வருஷ மீன் இருக்குன்னான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "சாகும்போது என் தலைமாட்டுல மீன் இருக்கணுமா, மகன் இருக்கணுமா? நீயே சொல்லும்மா."

வாசலில் இரண்டொரு பெண்கள் ச்சொச்சொ என்றார்கள். நல்ல கேள்விதான். ஊர் முழுக்க உருகிப்போகிற கேள்வி. ஃபாங் மேனேஜர் கைப்பேசியை மெல்ல உயர்த்தி அதையும் பிடித்துக்கொண்டாள்.

யின்லியன் உருகவில்லை.

"ரெண்டுமே வேணாம் மாமா. இந்தப் பத்தொன்பது வருஷமா உங்க தலைமாட்டுல யாரு இருந்தா? மீனா? மகனா? ஆஸ்பத்திரியில பன்னிரண்டு நாள் பீத்துணி அலசினது எந்த மகன்? அந்தத் தொட்டி உங்களுக்காக வச்சதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அதுல கிடந்தது என் கை. உங்களுதுன்னு நீங்க தூக்கிக் குடுத்தது என்னோடது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மாமனார் பஞ்சுக்கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நாளைக்கே நீங்க போய்ட்டா, தலைமாட்டுல என்னத்த வைக்க? இந்த ஊரு உங்க மகன்களையா கேக்கும்? 'மருமக என்ன கிழிச்சா'ன்னு என்னைத்தான் கேக்கும்."

வாசலில் நின்ற ஊருக்கு அது தெரியும். ஊர் தரையைப் பார்த்தது.

யின்லியன் தட்டை இறக்கி வைத்தாள். உள்ளே போய்ப் பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்ச மீனையெல்லாம் இரண்டு கூடைகளில் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "வாங்க. வெள்ளைத் துணி கட்டிட்டு வந்தவங்க வெறுங்கையோட போகக்கூடாது. ஆளுக்கு ஒண்ணு புடிங்க."

"ஐயோ, உயிரோட இருக்கறவரோட சாவு மீனத் திங்கறதா? அபசகுனம்டி" என்றாள் நெய்ஷான்.

"அப்ப விடு."

நெய்ஷான் அவசரமாகக் கையை நீட்டினாள். வாய் அபசகுனம் என்றது, கை வாங்கிக்கொண்டது. அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. யாங் கிழவன் அங்கேயே ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி, ரொம்ப நேரம் மென்றான்.

"முள்ளே இல்ல" என்றான் கடைசியில். "நெய் மாதிரி இருக்கு." அவன் சொன்னால் ஊர் சொன்ன மாதிரி.

அந்தப் பாராட்டுக்காகத்தான் பத்தொன்பது வருஷம் காத்திருந்தாள். அது இப்படி, ஒரு புதன்கிழமை மத்தியானத்தில், சாவே இல்லாத வீட்டு வாசலில் வந்து தொலைத்தது. கூடையைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

கூடை காலியானதும் அவள் காங்கின் சட்டைக் காலரைப் பிடித்தாள். "வயல்ல இறங்கு."

"அண்ணி, விருந்தாளிங்க சாப்பிடணும்…"

"அவங்களும்தான் வரணும். சாயங்காலம் மீன் பிடிக்கறதுன்னு உன் காகிதத்துல போட்டிருக்கேல்ல? இப்பவே பிடிக்கட்டும்."

அறுவடைக்காக வயல்களில் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்த சமயம். கணுக்கால் அளவுத் தண்ணீரில் கெண்டைகள் முதுகு தெரிய ஓடின. யின்லியன் அடியில்லாத மூங்கில் ஊத்தாக்கூடைகளை ஆளுக்கொன்றாக எறிந்தாள். "ஓடுறத அமுக்கணும், மேல் வாய் வழியா கைய விட்டு எடுக்கணும். கையகலத்துக்குக் குறைஞ்சா விட்டுடணும்." ஷாங்காய்க்காரர்கள் கீச்சிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். ஹாலந்துக்காரி முதல் அமுக்கிலேயே ஒன்றைப் பிடித்தாள். காங் தயங்கித் தயங்கிக் காலணியைக் கழற்றினான். யின்லியன் முதுகில் கைவைத்து ஒரு தள்ளுத் தள்ள, கம்பெனி பெயர் எழுதின வெள்ளைச் சட்டை குப்புறப் போய்ச் சேற்றில் விழுந்தது. ஊரே கரையில் நின்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

இரண்டு மணி நேரம் அவர்களை விடவில்லை. "அக்கா, இடுப்பு வலிக்குது" என்றவளிடம், "வரப்ப உடைக்கும்போது வலிக்கலையா?" என்றாள். பிடித்த மீனை முற்றத்துக்குத் தூக்கிவரச் செய்தாள். கத்தியைக் கொடுத்தாள். முதுகைக் கீறு, குடலை எடு, பித்தப்பை உடையாமல் எடு, உடைந்தால் அந்த மீனை நீயே தின்னு. துப்பினவள் முழங்கைவரை செதிலோடு உட்கார்ந்து பதினொரு மீன் கீறினாள். அவள் கீறினது நன்றாகத்தான் இருந்தது. அதை யின்லியன் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஃபாங் மேனேஜர் மூலையிலிருந்து எல்லாவற்றையும் படம் பிடித்து முடித்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து வந்தாள். "அருமை! இதுவரைக்கும் எந்த ஊர்லயும் இவ்வளவு உண்மையா ஒரு நிகழ்ச்சி பாத்ததில்ல. வேட்டு, துக்கத்துணி, சண்டை, மீன் பிடிக்கறது… எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. வாரத்துக்கு ஒருதரம் இதே மாதிரி செய்ய முடியுமா அக்கா?"

யின்லியன் கத்தியோடு நிமிர்ந்தாள்.

"வாராவாரம் யாரச் சாகடிக்கறது மேனேஜரம்மா? உங்க வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

ஃபாங் மேனேஜர் சிரிக்க முயன்று, முடியாமல், கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள். காங் தலையில் கைவைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டான். கம்பெனி வருமா வராதா என்பது அவனுக்கே தெரியவில்லை. யின்லியனுக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரமும் இல்லை, மனசும் இல்லை.

விருந்தாளிகளை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவள் பழைய தொட்டியை வெந்நீரில் இரண்டு தரம் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்தாள். கீறின மீன்களை உப்பில் அடுக்கினாள். மூன்று நாள் உப்பில் கிடக்க வேண்டும், அப்புறம்தான் தொட்டி. மாமனார் நாற்காலியிலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விடுகிற சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு மூச்சும் ஏதோ ஒரு படியேறி வந்தது.

"இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா இவ்வளவு மீன்?" என்றார்.

"உங்களுக்குத்தான். உங்களுக்கில்லாம யாருக்கு?"

"இது பதமாக மூணு வருஷம் ஆகுமே."

"ஆகும்." அவள் அவர் பக்கம் திரும்பினாள். கையெல்லாம் உப்பு. முகத்தைத் துடைக்கவும் முடியவில்லை. "மூணு வருஷம் நீங்க சாகக்கூடாது. சொல்லிட்டேன்."

கிழவர் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று தேடினார். அந்த முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை.

"என்னால முடியுமான்னு தெரியலையேம்மா."

"முடியுமான்னு நான் உங்களக் கேட்டனா?" என்று யின்லியன் கத்தினாள். "என்னை யாராவது கேட்டீங்களா? இல்லல்ல? அதே மாதிரிதான். நானும் கேக்கல."

மாமனார் உப்பில் கிடந்த மீன்களைப் பார்த்தார். பிறகு, "சரிம்மா" என்றார்.